புரட்டாசியில் ஒரு மாலை: ஊர்க் காசை எந்த நிகழ்வில் போடுவது?

ஆவணி கழிந்ததும் சனசமூக நிலையக் கூட்டங்களில் ஒரே கேள்விதான் வரும். இந்த வருடம் என்ன செய்வது? சிறுபோகம் அறுத்து முடிந்திருக்கும், நெல் விற்ற காசு கொஞ்சம் கையில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் யாராவது "ஒரு நிகழ்ச்சி வையுங்கோ, நான் பங்கு தாறன்" என்று சொல்லியிருப்பார். இளைஞர்கள் இசைநிகழ்ச்சி கேட்பார்கள். ஆசிரியர்கள் நவராத்திரியில் சரஸ்வதிக்கு எடுக்கிற வாணிவிழா என்பார்கள். மூத்தவர் ஒருவர் கூத்துப் போடுவோம் என்பார். நூலகர் வந்திருந்தால் வாசிப்பு மாதத்தை ஞாபகப்படுத்துவார். எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் நம் வன்னியில் கிராமமோ, வவுனியா, கிளிநொச்சி போன்ற சின்ன நகரமோ, ஓர் அமைப்பு ஒரு பருவத்தில் ஒழுங்காகச் செய்யக்கூடியது ஒரு நிகழ்வைத்தான்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஊர் ஆட்களை அதிகமாக மேடையில் நிறுத்துகிற நிகழ்வுக்கே காசு போக வேண்டும். அது பெருமழைக்கு முன் முடியவும் வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பருவத்துக்குப் பொருந்துவது, நடுவில் ஒரு கூத்துக் காட்சியை வைத்துக் கட்டிய வாணிவிழா. முழுக்கூத்தும் வேண்டும்தான், ஆனால் இப்போது அல்ல.

நாட்காட்டி விடுகிற இடம்

செப்ரெம்பர் தொடக்கம் நவம்பர் வரையிலான மூன்று மாதமும் ஒன்றுபோல இருப்பதில்லை. செப்ரெம்பரில் இன்னும் வெயில் காயும், குளங்கள் வற்றிக் கிடக்கும். ஒக்ரோபரில் பின்னேர இடிமழை தொடங்கும். காலையில் பளிச்சென்று எறித்துவிட்டு, மூன்று நாலு மணிக்கு மேகம் கட்டி, மங்கல விளக்கேற்றுகிற நேரம் பார்த்துக் கொட்டும். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது தறப்பாள் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்து மழை எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

மழை விழுந்ததும், பெரிய போகமான காலபோகத்துக்கு விதைப்பு. உழவு, விதைநெல், பசளை என்று கையிலிருக்கிற காசு வயலுக்குப் போகும், ஆட்களும் வயலுக்குப் போவார்கள். அந்த நேரம் ஒத்திகைக்கு இருபது பேரைக் கூப்பிட்டால் ஐந்து பேர் வருவதே பெரிய விஷயம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று குளத்து நீரில் சிறுபோகம் செய்கிற ஊர்களுக்குச் செப்ரெம்பரில் கை கொஞ்சம் தாராளம். மழையை மட்டும் நம்பி வருடத்தில் ஒரு போகம் செய்கிற ஊர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு தண்டுகிற காசில் நிகழ்வு வைப்பவர்கள் தங்கள் ஊர் இதில் எது என்று பார்த்துத்தான் செலவுத் தொகையைப் போட வேண்டும்.

அப்புறம் விரதங்கள். நவராத்திரி முடிந்ததும் தொடங்கி, 21 நாள் பிடிக்கிற கேதாரகௌரி விரதம் தீபாவளியோடு நிறைவடையும். அடுத்த ஆறு நாளும் கந்தசஷ்டி, கடைசியில் சூரன்போர். அந்தப் பின்னேரங்களில் பெண்கள் கோயிலில் இருப்பார்கள், அவர்கள் இல்லாமல் ஊர் நிகழ்வு இல்லை. உயர்தரப் பரீட்சையும் 2024, 2025 ஆகிய வருடங்களில் நவம்பரில்தான் தொடங்கியது. படிக்கிற பிள்ளையின் சன்னலுக்கு நேரே ஸ்பீக்கர் கட்ட எந்த விழாவுக்கும் உரிமை இல்லை.

நவம்பர் 21 முதல் 27 வரை வன்னியில் களியாட்டம் வைப்பதில்லை. போரில் பிள்ளைகளை இழந்த வீடுகள் நினைவுகூருகிற மாவீரர் வாரம் அது. இதை வெளியூர் இசைக்குழுக்காரருக்குச் சில வேளை சொல்ல வேண்டி வரும், ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் இரண்டாம் வாரம் வரை. நவராத்திரி பல வருடங்களில் அதற்குள்தான் வருகிறது. 2025இல் விஜயதசமி ஒக்ரோபர் 2, அதற்கு முந்திய வருடம் ஒக்ரோபர் 12. பிந்தி வருகிற வருடங்களில் முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இசைநிகழ்ச்சி

இதற்கு வருகிற சனம் வேறெதற்கும் வராது. இளைஞர்கள் கூப்பிடாமலே வந்து பந்தக்கால் நடுவார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள், இரவிரவாக வேலை செய்வார்கள். பின்னேரம் ஆனால் போக்கிடம் இல்லாத ஒரு சின்ன நகரத்தில் ஆயிரம் பேர் ஒரு மைதானத்தில் கூடி ஒரே பாட்டைப் பாடுவது லேசான சந்தோசம் இல்லை. இசைநிகழ்ச்சி என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் காசு போகிற வழியைப் பாருங்கள். இசைக்குழு வெளியூர். சவுண்ட், லைற், ஜெனரேற்றர், மேடை எல்லாம் வாடகை, பெரும்பாலும் அதுவும் வெளியூர். அடுத்தநாள் காலையில் மைதானத்தைக் கூட்டி முடித்தால் ஊரில் எதுவும் இருக்காது. ஒரு பிள்ளைகூட ஒரு பாட்டைப் புதிதாகப் பழகியிருக்காது.

நேரமும் இடிக்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், 2007இல் உயர்நீதிமன்றம் சொன்னதற்குப் பிறகு இரவு 10 மணிக்கு மேல் அனுமதி எடுப்பது சுலபமல்ல. நம்மூரில் ஆறு மணி நிகழ்ச்சிக்குச் சனம் ஏழரைக்குத்தான் வரும். ஆகவே கொடுத்த காசுக்குக் கிடைப்பது இரண்டரை மணிநேரம். அதற்குள் ஒரு மழை வந்தால், வயர்களையும் மிக்சரையும் தறப்பாளால் மூடிவிட்டு எல்லோரும் கடை விறாந்தைகளில் ஒதுங்க வேண்டியதுதான்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் பாரமான வேலை. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த பெரிய இசைநிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் தொலைபேசியில் பார்த்தோம். அவ்வளவு கூட்டம் நமக்கு வராது. ஆனால் குடித்துவிட்டு வருகிற பத்துப் பேர் போதும், பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதியில் எழும்பிவிடுவார்கள்.

செலவு முழுவதையும் ஒருவர் ஏற்கிறார், செப்ரெம்பரிலேயே வைக்கலாம், சுற்றுமதில் உள்ள மைதானம் கிடைக்கிறது, பாடுகிறவர்களில் பாதிப்பேர் ஊர்ப்பிள்ளைகள் என்றால் சரி, வையுங்கள். வீட்டுக்கு வீடு தண்டிய காசில் வேண்டாம்.

கூத்து

இங்கேதான் மனம் சொல்வது ஒன்று, பருவம் சொல்வது இன்னொன்று.

கூத்து வளத்தில் வன்னி ஏழை இல்லை. முல்லைத்தீவு, முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து உண்டு, அதன் ஆட்டமுறையை முல்லைமோடி என்பார்கள். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை நம்புகிற ஊர்களில் அந்தக் கதை வெறும் கதை இல்லை. மன்னார்ப் பக்கம் கத்தோலிக்க ஊர்களில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரு வழிக் கூத்தும் வாசகப்பா என்கிற நாடக வகையும் உண்டு. காத்தவராயன் சிந்துநடைக் கூத்து யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஊருக்கு ஊர் ஆடப்பட்டது. ஒரே காத்தவராயனைப் பல பேர் மாறி மாறி ஆடுவார்கள், சின்னப் பையனாக வந்தவர் போய்க் கழுமரம் ஏறுகிறவர் வருவார். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள் தப்பு மேளத்தையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். வன்னிக் கலை என்று பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது பிழை.

இவ்வளவும் இருந்தும் முழுக்கூத்தை இந்த மாதங்களில் மேடையேற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். கூத்துக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். ஆடுகிறவர்களில் பலர் கமக்காரர், அவர்களுக்கு விதைப்பு நெருங்கும் நேரம் இது. கூத்து ஆடுகிற களரி திறந்தவெளியில், ஒரு மழைக்கே சேறு. விடியவிடிய ஆடுவதென்றால் 10 மணிக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். மத்தளமும் ஒத்துழைக்காது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து "தொம்" என்கிற நாதம் அமுங்கிப்போகும். தப்பு மேளம் என்றால் இரண்டு சிரட்டையைக் கொளுத்தி அனலில் காட்டினால் இறுகிவிடும். மத்தளத்துக்கு வாரை இழுத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்து, கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் காப்புப் பாட்டைத் தொடங்க, இன்னொரு ஈரக்காற்று வரும். வேர்த்து விறுவிறுத்து வாரை இழுக்கிற அந்த மனிதரைப் பார்த்தவர்கள் இந்த மாதத்தில் கூத்துக்குத் திகதி குறிக்க மாட்டார்கள்.

கூத்துக்கு ஏற்ற காலம் காலபோகம் அறுத்த பிறகு. மாசி, பங்குனியில் வயல் வெறுமையாக இருக்கும், கை நிறைந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், இரவு குளிர்ச்சியாக இருக்கும்.

ஆனால் ஒரு காட்சி ஆடலாம். நாற்பது நிமிடம், கூரையின் கீழ், ஏற்கனவே ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேரும் புதிதாக நான்கு இளைஞர்களும் போதும். வெட்டிச் சுருக்கினால் கூத்துக் கெட்டுவிடும் என்று மூத்தவர்கள் கவலைப்படுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோதும் இதே கவலை எழுந்தது. அந்த வேலைதான் கூத்தைப் புதிய தலைமுறை ஒன்றின் கண்ணில் காட்டியது. சுருக்கியதோடு நிறுத்தி, முழுக்கூத்தை மறந்தால்தான் கேடு.

வன்னிக்கு இதில் அவசரமும் உண்டு. 2009 வரையான இடப்பெயர்வுகளில் கூத்துடுப்பும் பாட்டெழுதிய கொப்பியும் பல வீடுகளில் போய்விட்டன. இப்போது பாட்டு இருப்பது எழுபது வயதைத் தாண்டிய சிலரின் நெஞ்சில். அவர்களுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் பாரமானது.

வாணிவிழா

வாணிவிழாவைப் பற்றிக் குறையாகச் சொல்ல நிறைய உண்டு. பள்ளிக்கூடம், பிரதேச செயலகம், வங்கி, ஆஸ்பத்திரி, ரியூசன் நிலையம் என்று எல்லா இடத்திலும் அதே வாரத்தில் அதே விழா. நன்றாக ஆடுகிற நாலு பிள்ளைகள் அதே நடனத்தை ஒவ்வொரு மேடையாக ஏறி ஆடிக் களைத்துப்போகும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மாலையும் பேச்சும் முடிய எட்டு மணியாகிவிடும். முன்பள்ளிப் பிள்ளை மயில் உடுப்போடு தாயின் மடியில் நித்திரையாகிவிடும்.

இந்தக் குறைகள் எல்லாமே நம் கையால் திருத்தக்கூடியவை. இசைநிகழ்ச்சியின் குறை அப்படியல்ல, கூத்துக்கு மழை செய்கிற இடைஞ்சலும் அப்படியல்ல. அதனால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன்.

செலவு குறைவு. அவல், கடலை, சுண்டல், வாழைப்பழம் வீடுகளிலிருந்து வரும். கூரை உள்ள இடம் ஏற்கனவே இருக்கும், பள்ளிக்கூட மண்டபமோ கோயில் மடமோ. மூன்று வயதுப் பிள்ளையும் எண்பது வயது ஆச்சியும் ஒரே மேடையில் ஏறக்கூடிய விழா நமக்கு இது ஒன்றுதான். குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை பத்துப் பாட்டும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாடம், பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பாடலாம்.

கோலாட்டப் பழக்கம் ஒன்றை ஒருநாள் இருந்து பாருங்கள். பூவரசந் தடியை வெட்டிப் பட்டை சீவி, நிறக்கடதாசி சுற்றி, ஒட்டிய பசை இன்னும் காயாத கையோடு எட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒன்றின் தடி எப்போதும் அரைத்தாளம் பிந்தி விழும். ரீச்சர் "திருப்பி, திருப்பி" என்று கொண்டே இருப்பார். மூன்றாம் கிழமை எட்டுத் தடியும் ஒரே சத்தமாக விழும்போது, அதுவரை பிந்தி அடித்த பிள்ளைதான் முதலில் துள்ளும். விழாவின் பயன் பெரும்பாலும் இப்படிப் பழகுகிற அந்த மூன்று கிழமையில்தான் கிடைக்கிறது. வாடகைக்கு எடுத்த நிகழ்ச்சியில் இது வராது.

செய்கிற விதத்தில் மூன்று மாற்றம் கேட்பேன். கடைசி மூன்று நாளையும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் விட்டுவிட்டு, நவராத்திரியின் முதல் பாதியில் வருகிற சனி அல்லது ஞாயிறை எடுங்கள். பேச்சு ஒன்றே ஒன்று, பத்து நிமிடம், அதோடு சரி. மூன்றாவது, சினிமாப் பாட்டு நடனம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊர் மூத்தவர் ஒருவரைப் பாட வையுங்கள். அருவி வெட்டுப் பாட்டு, குருவிப் பள்ளு, பண்டிப் பள்ளு எல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயலில் காவலிருந்து கிளியையும் பன்றியையும் கலைத்தவர்களின் பாட்டு, பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடிக்கும். யாராவது ஒரு இளைஞர் அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து வைக்கட்டும்.

அதன்பின் கூத்துக் காட்சி. கடைசியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால், தங்கள் பிள்ளையின் நடனம் முடிந்ததும் பாதி மண்டபம் வெளிக்கிட்டுவிடும்.

வாசிப்பு மாதமும் மற்றவையும்

ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம். உள்ளூராட்சி நூலகங்கள் கட்டுரை, கவிதை, வினாடிவினாப் போட்டிகள் வைக்கின்றன. அதற்குப் போட்டியாக இன்னொரு நிகழ்வு தேவையில்லை. நூல் வெளியீடு வைக்கலாமே என்பார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று அது எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் வேண்டிய சபை, ஊர் முழுவதற்குமான மாலை அல்ல.

ஆனால் புத்தகத்தை விட்டுவிடக் கூடாது. இடப்பெயர்வில் வீட்டுப் புத்தகம் முழுவதையும் இழந்த மாவட்டங்கள் இவை. மூன்று நாலு தலைமுறைப் புத்தகம் இருந்த வீடுகளில் இன்று பாடப்புத்தகம் மட்டும்தான். வாணிவிழாவில் கும்பத்துக்கு முன் புத்தகம் வைக்கிறோம்தானே, மண்டப வாசலிலும் ஒரு மேசை போட்டு நூலகத்துக்கு அங்கத்தவர் சேர்க்கலாம். மேடையேறிய பிள்ளைகளுக்குப் பிளாஸ்ரிக் கேடயம் கொடுக்கிற காசில் ஆளுக்கு ஒரு கதைப்புத்தகம் கொடுக்கலாம். கேடயத்தைவிடப் பல வேளைகளில் அது மலிவு, அக்காவுக்குக் கிடைத்ததைத் தம்பியும் வாசிப்பான்.

குறும்படத் திரையிடல் மலிவானது, மழை மாதங்களில் மண்டபத்துக்குள் வைக்கலாம், இளைஞர் கழகம் ஒன்று தனியாகச் செய்யட்டும். கரப்பந்தும் கிளித்தட்டும் செப்ரெம்பரில் நிலம் காய்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டியவை.

ஊர் கலப்பாக இருந்தால்

வவுனியா நகரத்தை அண்டிய இடங்களிலும் மன்னார் வீதிப் பக்கமும் சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், சில இடங்களில் சிங்களக் குடும்பங்களும் அயலயலாக இருக்கிறார்கள். அங்கே வாணிவிழா என்று பெயர் வைத்தால் பாதி ஊர் விருந்தாளியாகத்தான் வந்து உட்காரும். அப்படிப்பட்ட ஊருக்கு ஒக்ரோபர் 1 நல்ல நாள். சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வருகிற நாள், பிள்ளைகளும் மூத்தவர்களும் ஒரே மேடையில் ஏற அதைவிடப் பொருத்தமான சாட்டு இல்லை. அன்று பள்ளிக்கூடங்களிலும் நிகழ்வு இருக்கும் என்பதால் அடுத்து வருகிற வாரவிடுமுறையில் வைப்பது புத்தி. நிகழ்ச்சிநிரல் மேலே சொன்னதுதான், பூசை மட்டும் இராது. கத்தோலிக்க ஊர் என்றால் கூத்துக் காட்சியை வாசகப்பாவிலிருந்து எடுக்கலாம்.

இடமும் நேரமும்

நகரத்தில் பெரிய மண்டபம் எடுத்தால் ஒலி, ஒளி, கதிரை எல்லாம் இருக்கும். வவுனியாவில் கலாசார மண்டபமும் கிளிநொச்சியில் கூட்டுறவாளர் மண்டபமும் இப்படியான நிகழ்வுகளுக்குப் பழகிய இடங்கள். ஆனால் நெடுங்கேணியிலிருந்தோ செட்டிகுளத்திலிருந்தோ வருகிறவர்களுக்குக் கடைசி பஸ்தான் நிகழ்ச்சியை முடித்துவைக்கும். பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இரவில் காட்டுப்பாதையால் போகிறவர்களுக்கு யானைப் பயம் வேறு. ஆகவே நகரத்து அமைப்பு என்றால் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியுங்கள். கிராமத்தில் நடந்து வரக்கூடிய பள்ளிக்கூட மண்டபம் என்றால் நாலரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடிக்கலாம். வெளியே பந்தல் போட்டு உள்ளேயும் இடம் வைத்திருப்போம் என்கிற இரட்டை ஏற்பாடு வேண்டாம். மழை வந்தால் ஸ்பீக்கரையும் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு ஓட ஆள் காணாது.

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார், பிரதேச கலாசார விழாவுக்கு அவரும் குழுக்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஆவணியிலேயே போய்க் கதைத்தால், உங்கள் கூத்துக் காட்சிக்கு இரண்டாவது மேடையும் சில வேளை உடுப்புக்கு உதவியும் கிடைக்கலாம்.

வெளிநாட்டுக் காசு வந்தால் அதைச் சாப்பாட்டிலும் சவுண்டிலும் கரைக்காமல், ஒரு மத்தளம், ஒரு சோடித் தாளம், கூத்துடுப்புத் துணி என்று பொருளாக வாங்குங்கள். அனுப்புகிறவருக்கும் பற்றுச்சீட்டோடு படம் எடுத்து அனுப்பலாம், அவருக்கும் திருப்தி.

முழுக்கூத்துக்கு விஜயதசமியன்று தொடங்குங்கள். எப்படியும் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். அன்று காட்சியில் ஆடிய நான்கு இளைஞர்களும் வெற்றிலை, பழம் வைத்து அண்ணாவியாரிடம் கொப்பி வாங்கட்டும். கொப்பி இல்லையென்றால் அவர் சொல்லச் சொல்ல எழுதட்டும். மழைக்காலம் முழுக்க, விதைப்பு நெருக்குகிற இரண்டு மூன்று கிழமையை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு இரவு மாதர் சங்கக் கட்டடத்தில் பழகினால் தை பிறக்கும்போது பாட்டு மனப்பாடமாகிவிடும். மாசியில் அருவி வெட்டு முடிந்த கையோடு, களரி போடக் காய்ந்த நிலம் இருக்கும்.